மழையில் பிடிக்காத டிஸ்க் பிறேக்: கேபிள் கலிப்பரிலேயே நல்லதாக எதை எடுக்கலாம்?

வெள்ளவத்தை மிதி

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பிளாட் ஹாண்டில் ஹைபிரிட், 700-38 ரயர். முன்னுக்கும் பின்னுக்கும் கேபிள் டிஸ்க், ரோட்டர் (சில்லோடு சுற்றுகிற தட்டு) இரண்டும் 160 மி.மீ., ஆறு போல்ட் வகை. கலிப்பர் (ரோட்டரைக் கவ்வுகிற பகுதி) சைக்கிளோடு வந்தது, பெயர் ஒன்றும் அடித்திருக்கவில்லை. ரோட்டரை நெரிக்கிற இரண்டு பாட்டில் வெளிப்பக்கப் பாட் மட்டும்தான் அசையும். வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிறைவ், காலிமுகத்திடல் வழியாகக் கோட்டைக்கு வேலைக்குப் போய்வரத்தான் பாவிக்கிறேன்.

காய்ந்த றோட்டில் ஏதோ சமாளிக்குது. மழைக்குள்ளே பின்பிறேக் லீவரை ஹாண்டிலில் முட்டுமட்டும் இழுத்தாலும் சைக்கிள் தன்பாட்டில் போகுது. முன்பிறேக் பிடிக்கும், ஆனால் பஸ் ஹோர்னுக்குப் போட்டியாகக் கத்தும். டாம் வீதியில் கேட்டால் ஒரு கடையில் "எல்லாம் ஒண்டுதான்" எண்டு அதே மாதிரிப் பெயரில்லாததைக் காட்டுகினம். இன்னொரு கடையில் ஒயில் பிறேக்குக்கு மாறச் சொல்லுகினம்.

ஒயில் வேண்டாம், நானே கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்கவேணும். எவிட் பிபி7, டிஆர்பி ஸ்பைர், ஷிமானோ எம்375 மூன்றையும் மனதில் வைத்திருக்கிறேன். எது நல்லது? லீவரையும் மாற்றவேணுமா? ரோட்டரை 180 ஆக்கினால் பலன் இருக்கா?

கொட்டாஞ்சேனை ஸ்பானர்

தம்பி, கலிப்பர் வாங்க முதல் ஐந்து நிமிட வேலை ஒன்று செய்யுங்கோ.

சைக்கிளைச் சுவரில் சாத்திப்போட்டு பின் கலிப்பருக்குப் பக்கத்தில் குந்துங்கோ. வேறு ஆரையாவது லீவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் பார்க்கவேண்டியது கலிப்பரில் இன்னரை, அதாவது கேபிளின் உள்கம்பியைப் பூட்டியிருக்கிற கையை. லீவர் வர வர அந்தக் கையும் வந்து, கடைசிமட்டும் போயும் பாட் ரோட்டரை நெரிக்கவில்லையெண்டால் பாட் தேய்ந்து இடைவெளி கூடிப்போச்சு. கை பாதியில் நிண்டிட்டுது, லீவர் மட்டும் இன்னும் வருகுதெண்டால் பழுது கலிப்பரில் இல்லை, அவுட்டர் (இன்னர் ஓடுற வெளிக்குழாய்) சுருங்குது. அப்பவே ஹாண்டிலடியிலும் பின்சில்லடியிலும் அவுட்டர் வளையிற இடங்களைப் பார்த்தால் நெளியிறது கண்ணுக்கே தெரியும்.

லீவரைத் தொடாமல் விட்டிருக்கேக்கையும் அந்தக் கையைப் பாருங்கோ. முழுதாக இளகிப் பின்னுக்கு வந்து நிக்கவேணும். பாட் தேயத் தேய, கேபிளை இழுத்து இழுத்து இறுக்கிச் சமாளிச்சிருந்தால் கை ஏற்கெனவே பாதி சுழன்ற நிலையில் நிக்கும். மிச்சமிருக்கிற ஓட்டம் காணாது, கை கலிப்பர் உடம்பில் போய் முட்டும். பிறகு எவ்வளவு பலமாக இழுத்தாலும் அந்தப் பலம் ரோட்டருக்குப் போகாது. தேய்ந்த பாட்டை பாட் திருகாணியால்தான் உள்ளே தள்ளவேணும், கேபிளால் இல்லை. நகரத்துக்குள்ளே ஓடுற கேபிள் டிஸ்க்கில் பாதிக்கு மேல் கெட்டுக்கிடக்கிறது இந்த ஒரு விசயத்தால்தான்.

இனி உங்கட மூன்று பெயர்கள். ஸ்பைரை இப்பவே வெட்டிவிடுங்கோ. அது வளைந்த ஹாண்டில் றோட் லீவருக்குச் செய்தது. பிளாட் ஹாண்டிலில் வாறது அநேகமாக வி-பிறேக் (இரண்டு நீளக் கையால் ரிம்மைப் பிடிக்கிற பிறேக்) லீவர். அது றோட் லீவரை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேபிளை இழுக்கும். கேபிளைக் கூட இழுக்கிற லீவர் பலத்தைக் குறைவாகத்தான் தரும். றோட் கலிப்பரை அதில் பூட்டினால் லீவர் கொஞ்சம் நகர்ந்ததும் கட்டையாக நிக்கும். கடையில் நிண்டு அமத்திப் பார்க்கேக்கை "ஆஹா, என்ன இறுக்கம்" எண்டு நம்பிப்போவீர்கள். றோட்டில் இறங்கினால் பிடிப்பு பாதிதான். மாறிப் பூட்டினால், அதாவது றோட் லீவரோடு வி-பிறேக் கலிப்பர், லீவர் ஹாண்டிலில் முட்டும், பாட் ரோட்டரைத் தொட்டும் தொடாமலும் நிக்கும்.

ஸ்பைரின் வி-பிறேக் லீவர்ப் பதிப்புக்குப் பெயர் ஸ்பைக். பிபி7 இரண்டு வகையிலும் வரும், வி-பிறேக் லீவருக்கு மவுண்டன் எண்டும் றோட் லீவருக்கு றோட் எண்டும். படம் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. இணையத்தில் விலை குறைத்துப் போட்டிருக்கிறது எந்த வகையெண்டு பார்க்காமல் காசைக் கட்டாதேங்கோ. எம்375 வி-பிறேக் லீவருக்குத்தான்.

உங்கட லீவர் எது எண்டு சந்தேகமெண்டால் லீவர் சுழலுற ஊசியின் நடுவிலிருந்து கேபிள் தலை கொழுவியிருக்கிற இடத்தின் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளவுங்கோ. 30 மி.மீ. அளவில் அல்லது கூட வந்தால் வி-பிறேக் லீவர். அதைவிட நல்லாய்க் குறைந்தால் மற்ற வகை.

அடுத்தது கலிப்பர் பூட்டுற துளைகள். போர்க்கிலும் பின்பக்கமும் தனித்தனியே பாருங்கோ, இரண்டும் ஒரே மாதிரி இருக்கவேணுமெண்டில்லை. போல்ட் சில்லு ஓடுற திசையில் நேராகப் போய், துளைகளுக்கிடையில் 74 மி.மீ. இருந்தால் போஸ்ட் மவுண்ட். போல்ட் குறுக்காக, ரோட்டர் பக்கமாக நுழைந்து 51 மி.மீ. இருந்தால் ஐஎஸ். 34 எண்டால் பிளாட் மவுண்ட், அது பெரும்பாலும் புது றோட் பிறேம்களில். அளந்துபோட்டு எழுதுங்கோ. பாட்டையும் ஒருக்கால் கழற்றி வடிவத்தைச் சொல்லுங்கோ.

மருதானை பெடல்

ஸ்பானர் அண்ணன் சொன்ன சோதனைல கை பாதில நின்னா, கலிப்பர் வாங்குற காசுல கால்வாசிய அவுட்டருக்குப் போடுங்க, மிச்சத்த அப்புறம் யோசிங்க.

சைக்கிளோட வர்ற மலிவான அவுட்டர் உள்ள தட்டைக் கம்பியச் சுருளாச் சுத்தினது. லீவர அமத்துனா சுருள் சுருளா நெருங்கி மொத்த நீளமும் கொஞ்சம் குறையும். முன்னுக்கு நீளம் குறைவு, அவ்வளவாத் தெரியாது. பின்னுக்கு ஹாண்டில்ல இருந்து கடைசி வரைக்கும் முழு அவுட்டர் போனா நல்லாவே தெரியும். பின்பிறேக் எப்பவும் பஞ்சு மாதிரி இருக்கிறதுக்கு முக்கியமான காரணம் அதுதான். சுருங்காத பிறேக் அவுட்டர்னு தனியா இருக்கு. அதுல கம்பி நீளவாட்டுல ஓடும், அதுக்கு மேல கெவ்லார் நூலோ உலோகமோ சுத்திப் பின்னியிருக்கும். ஜாக்வயர்ல கேட்டா கிடைக்கும்.

கவனம், கியர் அவுட்டரும் நீளவாட்டுக் கம்பிதான், வெளியப் பார்த்தா வித்தியாசம் தெரியாது. கியர் அவுட்டர் 4 மி.மீ., பிறேக் அவுட்டர் 5 மி.மீ. கியர் அவுட்டரப் பிறேக்குக்குப் போட்டா பலமா அமத்துற நேரம் பிளாஸ்டிக் கிழிஞ்சு கம்பி வெளிய வந்துடும், பிறேக் ஒரேயடியாப் போயிரும். அவசரத்துக்குக் கூட வேணாம்.

இன்னர் 1.5 இல்ல 1.6 மி.மீ., ஸ்டெயின்லெஸ். பிளாட் லீவருக்கு உருளைத் தலை வேணும். முட்டை மாதிரித் தலை றோட் லீவருக்கு. மரைன் டிறைவ்ல ஓடுறவங்களுக்குச் சாதாரண இன்னர் எடுத்தா உப்புக் காத்துல அவுட்டர் வாய்க்குள்ள நுழையுற இடத்துலதான் முதல்ல துரு பிடிக்கும்.

வெட்டுறதுக்குக் கேபிள் வெட்டுற கட்டர்தான். குறடால நெரிச்சு வெட்டினா உள்குழாய் மூடிரும். வெட்டின பிறகு முனைய அரத்தால தட்டையா உரஞ்சி, ஒரு ஊசியால உள்குழாயத் திறந்து விடுங்க. முனை சரிஞ்சு இருந்தா அதுக்கு மேல போடுற தொப்பிக்குள்ள ஒழுங்கா உக்காராது, அமத்துற ஒவ்வொரு தடவையும் ஒரு மி.மீ. அங்கயே போகும். நல்ல அவுட்டர் போட்டும் பலனில்லன்னு சொல்றவங்க சைக்கிள்ல முதல்ல இந்த முனையத்தான் பார்ப்பேன்.

சுருங்காத அவுட்டர் விறைப்பானது, சின்ன வளைவு ஒத்து வராது. ஹாண்டிலத் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவுக்கு நீளம் விட்டு வெட்டுங்க.

வெள்ளவத்தை மிதி

நன்றி அண்ணை, நன்றி மருதானை. பார்த்தாச்சு. பின்னுக்கு கை பாதியில் நிக்குது, லீவர் மேலும் இரண்டு விரல் அளவுக்கு வருகுது. அதோடு லீவரை விட்டாலும் கை முழுதாகப் பின்னுக்குப் போகவில்லை, கேபிளை இறுக்குகிற அடஜஸ்டர் திருகாணி கழன்று விழுகிற நிலையில் வெளியே நிக்குது. இரண்டு வருத்தமும் சேர்ந்துதான் இருக்கு போல.

லீவர் அளவு 32. போர்க் போஸ்ட் மவுண்ட் 74. பின்னுக்கு ஐஎஸ், அதில் ஒரு அடப்டர் போட்டுத்தான் கலிப்பர் நிக்குது. பாட் வட்டமானது, பின்தகட்டில் எழுத்து ஒன்றும் இல்லை. முன்பாட் கறுத்து மினுங்குது.

கொட்டாஞ்சேனை ஸ்பானர்

அந்த வட்டப் பாட்தான் உங்கட கலிப்பரைக் கைவிடுறதுக்குப் போதுமான காரணம். புது அவுட்டரோடு அது இப்போதைக்குப் பிடிக்கும், ஆனால் பாட் தேய்ந்ததும் அதே வடிவத்தைத் தேடி அலையவேணும். பெயரில்லாத கலிப்பர்களில் வட்டம், நீள்வட்டம், காதுள்ளது, காதில்லாதது எண்டு நூறு வடிவம்.

என்ர கணக்கில் கலிப்பர் தெரிவு செய்யிறது இப்படித்தான்: முதலில் கேபிள் இழுவை, இரண்டாவது பாட் வடிவம், மூன்றாவதுதான் பெயர். ஷிமானோ பி01எஸ் வடிவப் பாட் எந்தச் சைக்கிள் கடையிலும் இருக்கும், வேறு கம்பனிகளும் அதே வடிவத்தில் செய்யினம். எம்375, ஷிமானோவின்ர இன்னொரு கலிப்பர் டிஎக்ஸ்805, ஸ்பைக் எல்லாம் அந்த வடிவம். பிபி7-க்கு வடிவம் வேறு, எவிட் ஜூசி பிறேக்கின் பாட்தான் அதுக்கும். கிடைக்கும், ஆனால் ஓடர் பண்ணவேண்டி வரலாம். வாங்கினால் பாட் இரண்டு சோடி சேர்த்து எடுத்து வையுங்கோ. பிபி5-ஐ பிபி7-இன் தம்பி எண்டு விப்பினம். அதின்ர பாட் வேறு, வெளிப்பாட்டை நகர்த்துறதுக்குக் குமிழும் இல்லை.

காசு அளவாய் எண்டால் எம்375 அல்லது டிஎக்ஸ்805, நல்ல அவுட்டரோடு. கோட்டைக்குப் போய்வர அது தாராளம். கொஞ்சம் கூடப் போடலாமெண்டால் பிபி7 மவுண்டன். இரண்டு பக்கப் பாட்டுக்கும் தனித்தனிக் குமிழ், ஒரு கிளிக் ஒரு கிளிக்காகக் கையாலேயே திருகலாம்.

இராஜகிரிய றோடி

பிபி7-ஐ இவ்வளவு தூக்கிப் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு பாட் மட்டும் அசையும் எந்தக் கலிப்பரிலும் ரோட்டர் ஒரு பக்கம் வளைந்துபோய்த்தான் நிலையான பாட்டில் முட்டவேண்டும். நிலையான பாட் சற்றுத் தள்ளி இருந்தால் லீவர் ஓட்டத்தின் ஒரு பகுதி ரோட்டரை வளைப்பதிலேயே செலவாகிவிடும். பாட்டும் சரிந்து தேயும். ஸ்பைக்கில் இரண்டு பாட்டும் ஒன்றாக வந்து நடுவில் பிடிக்கும், சரிபார்ப்பதும் குறைவு. பாட்டும் ஷிமானோ வடிவம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்று. ஒயில் வேண்டாம் என்று சொன்னாலும், ஷிமானோ எம்டி200 சோடியின் விலையைப் பிபி7 கலிப்பர் இரண்டு, அவுட்டர், இன்னர் எல்லாம் சேர்ந்த விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். லீவரும் சேர்ந்தே வருகிறது, ஒயில் நிரப்பி மூடியே வருகிறது, உள்ளே போவது மினரல் ஒயில். பாட் தேய்வதையும் அதுவே ஈடுசெய்துகொள்ளும்.

கொட்டாஞ்சேனை ஸ்பானர்

றோடி சொல்லுறதில் நியாயம் இருக்கு, ஆனால் நிலையான பாட்டை ரோட்டருக்கு மயிரிழை இடைவெளியில் வைத்தால் வளையிறது கவலைப்படுற அளவில்லை. பிபி7-இல் உள்குமிழ் இருக்கிறதே அதுக்குத்தான். ஸ்பைக்கில் அந்த வேலை குறைவு எண்டதை ஒத்துக்கொள்ளுறன்.

எம்டி200 நல்ல சாமான், அதில் சண்டையில்லை. ஆனால் தம்பி தானே கழற்றிப் பூட்டவேணும் எண்டு கேட்டவர். பின்குழாய் நீளம் ஒத்துவராமல் வெட்டினால் புது ஒலிவ் (குழாய் முனையில் நெரிபடுற சின்ன வளையம்) வேணும், குழாய்க்குள் செருகுற ஊசி வேணும், காற்று எடுக்கிற புனல் வேணும். கேபிள் அறுந்தால் ஒரு இன்னரும் 5 மி.மீ. அலன் கீயும் போதும். ஆர் எதை விரும்புகினமோ அதை எடுக்கலாம்.

தெஹிவளை வானிலை

முன்பிறேக் கத்துவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பாட் கறுத்து மினுங்குகிறது என்றால் அதில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது மேற்பரப்பு சூட்டில் இறுகிவிட்டது. கொழும்பு ஏற்ற இறக்கம் இல்லாத ஊர், 160 ரோட்டரில் பாட் இறுகும் அளவுக்குச் சூடு வருவது அரிது. ஆகவே எண்ணெய்தான். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பறந்த தூறல், ரோட்டரை விரலால் தொட்டது, துருவுக்கு என்று கடையில் அடிக்கும் டபிள்யூடி-40, மழை நாளில் பஸ் நிறுத்துமிடங்களில் தேங்கும் டீசல் கலந்த தண்ணீர், இதில் ஏதோ ஒன்று.

எண்ணெய் ஊறிய பாட்டை அடுப்பில் சுட்டு எடுக்கலாம் என்று இணையத்தில் எழுதுவார்கள். சுட்டால் மேலே உள்ளது போகும், உள்ளே ஊறியது இரண்டு மழைக்குள் திரும்பி வரும். எறிந்துவிடுங்கள். ரோட்டரை எறியத் தேவையில்லை: ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நனைத்த சுத்தமான துணியால், துணி கறுப்பது நிற்கும்வரை துடையுங்கள். பாமசியில் அது இல்லை என்று சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தந்தால் போத்தல் லேபிளைப் படியுங்கள். சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள், தோலுக்கு அது நல்லது, ரோட்டருக்கு ஆகாது.

புதுப் பாட் எது என்பதில் மழைதான் தீர்மானிக்கவேண்டும். ரெசின் பாட் சத்தம் குறைவு, முதல் தொடுகையிலேயே பிடிக்கும், ஆனால் மணல் கலந்த மழைத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. தினமும் ஓடுபவர் அந்த மாதங்களில் பாட்டைக் கிழமைக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். உலோகப் பாட் நீடித்து உழைக்கும், நனைந்தாலும் பிடிப்பு குறைவது குறைவு, கூடவே கொஞ்சம் கத்தும். அதை வாங்கமுன் ரோட்டரைப் பாருங்கள். ஷிமானோவின் மலிவு ரோட்டர்கள் சிலவற்றில் ரெசின் பாட் மட்டும் என்று அடித்திருக்கும். அவற்றின் இரும்பு மென்மையானது, உலோகப் பாட் போட்டால் ரோட்டர் விரைவாகத் தேய்ந்துவிடும்.

பாட் மாற்றும் எல்லை: ஷிமானோ வடிவத்தில் தேயும் பகுதி 0.5 மி.மீ. ஆனால் கட்டாயம். பிபி7-இல் பின்தகடும் சேர்த்து 3 மி.மீ.-க்குக் கீழே போனால் மாற்றவேண்டும். ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. அளவில் இருக்கும், 1.5-க்கு வந்தால் அதையும் மாற்றவேண்டும். வேர்னியரின் தாடையை ரோட்டரின் வெளி விளிம்பில் வைத்து அளக்காதீர்கள், அங்கே பாட் படாத விளிம்பு தடிப்பாகவே இருக்கும். பாட் ஓடும் தடத்தில் அளவுங்கள்.

மருதானை பெடல்

180 ரோட்டர் பத்தி: 160-ல இருந்து 180-க்குப் போனா அதே கைப்பலத்துக்கு 12.5 வீதம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான் கணக்கு. கடுகண்ணாவையோ இறம்பொடையோ இறங்குறவங்க முன்னுக்குப் போடலாம், சூடும் குறையும். கொழும்புக்குள்ள வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா அவுட்டர், பாட், செட்டிங் மூணும் சரியாகுறதுக்கு முன்னாடி ரோட்டர மாத்துறது வீண் செலவு. போர்க்குக்கு 180 அனுமதி இருக்கான்னு கட்டாயம் பாக்கணும்.

போட்டா முன்னுக்குப் போஸ்ட் மவுண்ட்டுக்கு 20 மி.மீ. கூட்டுற அடப்டர். பின்னுக்கு 160-லயே நிக்கிறதா இருந்தா, ஐஎஸ் அடப்டர்ல முன் 180 பின் 160-னு சேர்த்து அடிச்சிருக்கிறதுதான் வேணும். முன் 160 பின் 140-னு இருக்கிறத வாங்கிட்டு கலிப்பர் ரோட்டர்ல இடிக்குதுன்னு வந்து நிக்கிறவங்க நிறையப் பேர்.

வெள்ளவத்தை மிதி

முடிவெடுத்தாச்சு: பிபி7 மவுண்டன் இரண்டு, சுருங்காத அவுட்டர், ஸ்டெயின்லெஸ் இன்னர், பாட் இரண்டு சோடி மேலதிகமாக. ரோட்டர் 1.7 இருக்கு, அதையே வைத்திருக்கப்போறன். றோடி அண்ணை கோபிக்கவேண்டாம், ஸ்பைக் தேடிக் கிடைக்கவில்லை.

பூட்டுற ஒழுங்கை ஒருக்கால் சொல்லுங்கோ. வாசர் நிறைய வருகுது, அதில் குழம்பிப்போய் நிக்கிறன்.

கொட்டாஞ்சேனை ஸ்பானர்

வாசர்கள் குழிவும் குவிவுமாகச் சோடி சோடியாக வரும், கலிப்பர் எந்தப் பக்கமும் கொஞ்சம் சரிந்து உட்காருறதுக்கு. வந்த ஒழுங்கிலேயே போல்ட்டில் விடுங்கோ: குழிவு குவிவைப் பார்க்கவேணும், கலிப்பர் காதுக்கு மேல ஒரு சோடி, கீழ ஒரு சோடி. நிலத்தில் கொட்டிவிட்டால்தான் தலையிடி. கழற்ற முதல் கைபேசியில் ஒரு படம் எடுங்கோ.

முதலில் சில்லு. ஹப்பில் ஆட்டம் இருந்தால் என்ன செய்தும் சரிவராது; ரயரைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கோ, டக் டக் எண்டால் ஹப்பில் குண்டுகளைப் பிடிக்கிற கோனை இறுக்கவேணும். சைக்கிளை நிலத்தில் நேராக நிறுத்தி, அச்சு வாய்க்குள் முழுக்க உட்காரும்படி சில்லை விட்டு, குயிக் ரிலீஸ் கையை இறுக்குங்கோ. முன்சில்லில் இதில் விளையாட்டு வேண்டாம். டிஸ்க் பிறேக் பிடிக்கேக்கை அச்சைப் போர்க் வாய்க்கு வெளியே தள்ளுற விசை வரும். குயிக் ரிலீஸ் கையை மூடேக்கை உள்ளங்கையில் அடையாளம் விழவேணும்.

ரோட்டர் போல்ட்டுக்கு ரி25 நட்சத்திரச் சாவி. எதிரெதிர்ப் போல்ட்டாக மாறி மாறி 4 முதல் 6 நியூட்டன் மீட்டர்.

கலிப்பரை இரண்டு போல்ட்டாலும் தொங்கவிடுங்கோ, இறுக்காதேங்கோ. இரண்டு குமிழையும் முழுக்க வெளியே எடுங்கோ. உள்குமிழைச் சில கிளிக் உள்ளே விட்டு நிலையான பாட் கலிப்பர் சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே வரட்டும். பிறகு வெளிக்குமிழை ரோட்டர் இறுகிப் பிடிபடுமட்டும் திருகுங்கோ. இப்ப கலிப்பர் ரோட்டருக்குத் தன்னாலேயே நேராகியிருக்கும். இந்த நிலையில் இரண்டு போல்ட்டையும் கால் சுற்று கால் சுற்றாக மாறி மாறி இறுக்குங்கோ. ஒன்றை முழுக்க இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போனால் கலிப்பர் திரும்பிவிடும். கடைசி இறுக்கம் 8 நியூட்டன் மீட்டர் அளவில்.

அடுத்தது கேபிள். அடஜஸ்டர் திருகாணிகள், லீவரில் உள்ளதும் கலிப்பரில் உள்ளதும், முழுக்க உள்ளே போய் ஒரு சுற்று மட்டும் வெளியே வந்திருக்கட்டும். கலிப்பர்க் கை முழுதாக இளகி நிக்கேக்கை இன்னரைத் தொய்வில்லாமல் பிடித்து இறுக்குங்கோ, கையைத் தூக்கிப் பிடிக்காமல். இறுக்கினாப் பிறகு கையை விரலால் தள்ளிப் பாருங்கோ: இன்னும் பின்னுக்குப் போக இடமிருந்தால் கேபிள் கூட இறுகிப்போச்சு, இளக்கித் திரும்பப் பூட்டவேணும்.

இனிக் குமிழ்கள். உள்குமிழை ஒரு கிளிக், வெளிக்குமிழை இரண்டு கிளிக் வெளியே எடுத்துச் சில்லைச் சுற்றுங்கோ. உரஞ்சினால் இன்னொரு கிளிக். ஒரு சுற்றுக்கு ஒரு தரம் மட்டும் "ஷிக்" எண்டால் ரோட்டர் வளைந்திருக்கு, அந்த இடத்தைச் சுத்தமான துணியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். சுற்று முழுக்க உரஞ்சினால் கலிப்பர் சரிவு, போல்ட்டை இளக்கித் திரும்பச் செய்யுங்கோ.

பிறகு நிண்ட நிலையில் லீவரைப் பலமாக இருபது தரம் அமத்துங்கோ. புது அவுட்டர் தொப்பிக்குள் உட்கார்ந்து கேபிள் கொஞ்சம் இளகும். அந்த இளக்கத்தை மட்டும்தான் அடஜஸ்டரால் எடுக்கலாம்.

தெஹிவளை வானிலை

பூட்டிய உடனே காலி வீதிப் போக்குவரத்துக்குள் இறங்காதீர்கள். புதுப் பாட் முதலில் பிடிக்காது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, ஒரே சீராக அமத்தி நடைவேகத்துக்குக் குறைத்து, முழுக்க நிற்காமல் லீவரை விடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே இருபது தடவை. பாட்டின் பொருள் மெல்லிய படையாக ரோட்டரில் ஒட்டவேண்டும், பிடிப்பு வருவது அதனால்தான். சூடாக இருக்கும்போது இறுக்கிப் பிடித்தபடி நின்றால் அந்தப் படை ஒரே இடத்தில் தடிப்பாக ஒட்டி, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பிறேக் துடிக்கும்.

பின் அவுட்டர் கலிப்பருக்குள் நுழைவதற்கு முன் கலிப்பர் வாயை விடச் சற்றுத் தாழ்ந்த ஒரு வளைவாக இருக்கட்டும். மழைத் தண்ணீர் அவுட்டர் வழியே வழிந்து வந்து அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ரப்பர் மூடி வந்திருந்தால் அதையும் போடுங்கள். உள்குழாய் உள்ள அவுட்டருக்குள் கிரீஸ் போடத் தேவையில்லை, மணலைத்தான் சேர்க்கும்.

வெள்ளவத்தை மிதி

முன்னுக்கு எல்லாம் சரி, சத்தமே இல்லை. பின்னுக்கு கை நல்லாய் ஓடுது. ஒரு சிக்கல்: கலிப்பரின் வெளிக்குமிழ் கரியர் காலில் இடிக்குது. கரியர் இல்லாமல் எனக்கு ஆகாது, லப்டொப் பையே அதில்தான்.

மருதானை பெடல்

பிபி7-ல அது எல்லாருக்கும் வர்றதுதான், வெளிப்பக்கம் தடிப்பு. கரியர் காலுக்கும் பிறேமுக்கும் நடுவுல 10 மி.மீ. நீளமான அலுமினியக் குழாய்த் துண்டு ஒண்ணு வைங்க, போல்ட்டும் அதே அளவுக்கு நீளமா எடுங்க. எம்5 போல்ட்தான். வாசர அடுக்கி வச்சுச் சமாளிக்காதீங்க, பாரம் ஏறினா சரியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வைக்கணும், இல்லன்னா கரியர் கோணலா நிக்கும். குமிழத் திருக விரல் போற அளவுக்கு இடம் இருக்கான்னு கரியர இறுக்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க, இல்லாட்டி பாட் தேயுற ஒவ்வொரு தடவையும் கரியரக் கழட்ட வேண்டி வரும்.